கடைக்கு ஏற்றிய வெளிச்சம் வீட்டுக்கு எதற்கு?

டிவி விற்கும் பெரிய கடைகளில் ஒரு சுவர் முழுக்கத் திரைகளாகவே இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே காட்சி ஓடும்: பவளப்பாறை மீன்கள், நறுக்கிய மாதுளை, இரவு நகரத்தின் விளக்குகள். தலைக்கு மேலே வரிசை வரிசையாக வெள்ளை விளக்குகள் எரியும். அத்தனை வெளிச்சத்திலும் எந்தத் திரை பளிச்சென்று கண்ணை இழுக்கிறதோ, அதன் முன்னால்தான் வாடிக்கையாளர் நிற்பார். தயாரிப்பு நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் ஒளியை உச்சத்துக்கு ஏற்றி, நிறத்தை அடர்த்தியாக்கி, வெள்ளையில் நீலம் கூட்டி, விளிம்புகளைக் கூராக்கி, டிவியைக் கடைக்கென்றே தயார்செய்து அனுப்புகின்றன.

வீட்டுக்கு வந்ததும் நிலைமை வேறு. ஒரு ட்யூப்லைட் எரியும் கூடம், எட்டுப் பத்தடி தூரத்தில் சோபா, இரவு ஒன்பது மணி. கடை விளக்குகளோடு போட்டிபோட ஏற்றிய ஒளி இங்கே கண்ணை உறுத்துகிறது. முகங்களில் ஆரஞ்சு நிறம் ஏறுகிறது. புல்வெளி எங்கும் இல்லாத பச்சையில் மின்னுகிறது. பல வீடுகளில் டிவி வாங்கிய நாளில் இருந்த அமைப்பு, அது பழுதாகும் நாள்வரை அப்படியே இருக்கும். ஒலியையும் சேனலையும் மாற்றிப் பழகிய கை, ரிமோட்டில் ‘பிக்சர்’ என்ற பகுதிக்குள் போவதே இல்லை. அங்கே போய் அரை மணி நேரம் செலவிட்டால் போதும்; ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் அதே டிவியில் வேறொரு படத்தைப் பார்க்கலாம்.

இதில் ஓர் அடிப்படை உண்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு படத்தின் நிறம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒளிப்பதிவாளரும் கலரிஸ்ட்டும் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார்கள். மங்கலான அறையில், கருவியால் அளந்து சரிசெய்த மானிட்டர் முன் உட்கார்ந்து, ஷாட் ஷாட்டாகப் பார்த்து நிறம் அமைத்திருக்கிறார்கள். அந்த மானிட்டருக்கு உலகம் முழுக்கப் பொதுவான அளவுகள் உண்டு. எச்டி படங்களின் நிறத்துக்கு 1990இல் வகுக்கப்பட்ட ‘ரெக் 709’ என்ற தரம். வெள்ளைக்கு 6500 கெல்வின் என்ற பகல் வெளிச்ச அளவு. திரையின் உச்ச ஒளிக்குச் சுமார் 100 நிட். நிட் என்பது ஒரு பரப்பிலிருந்து வரும் ஒளியை அளக்கும் அலகு. கடை மோடில் இருக்கும் டிவி இதைப்போல் பல மடங்கு ஒளியைக் கொட்டும். ஆக, வீட்டில் செய்ய வேண்டிய வேலை டிவி தானாகச் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாக எடுப்பதுதான்.

நீலம் போட்ட வெள்ளை

புது டிவியை முதன்முதலாகப் போடும்போது, இது வீட்டுக்கா கடைக்கா என்று திரையில் ஒரு கேள்வி வரும். மாட்டித்தர வந்தவர் அவசரத்தில் ‘ஸ்டோர்’ அல்லது ‘ரீடெயில்’ என்பதை அழுத்திவிட்டால், டிவி கடையில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். விளம்பர வாசகங்கள் திரையில் வந்துபோகும். என்ன மாற்றினாலும் சற்று நேரத்தில் பழைய பளபளப்புக்கே திரும்பிவிடும். மாற்றிய அமைப்பு நிற்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ‘ஹோம்’ என்று மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்தது பிக்சர் மோடு. விவிட் அல்லது டைனமிக், ஸ்டாண்டர்டு, சினிமா அல்லது மூவி, ஸ்போர்ட்ஸ், கேம் என்று பட்டியல் வரும். விவிட்டும் டைனமிக்கும் கடைச் சுவருக்கானவை. சினிமா அல்லது மூவி மோடுதான் மேலே சொன்ன பொதுத் தரத்துக்கு மிக அருகில் இருக்கும். சில டிவிகளில் ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ என்றும் ஒன்று உண்டு. மார்ட்டின் ஸ்கோர்செஸி, கிறிஸ்டோபர் நோலன், பேட்டி ஜென்கின்ஸ் போன்ற இயக்குநர்களின் ஆதரவோடு யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 2019 ஆகஸ்டில் இதை அறிவித்தது. ஒரே பொத்தானில் தேவையற்ற செயற்கை மெருகையெல்லாம் நிறுத்திவிடும் ஏற்பாடு இது. வேறு எதையும் தொட நேரமில்லை என்பவர்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

சினிமா மோடுக்கு மாறிய முதல் நிமிடத்தில் அநேகமாக எல்லோரும் சொல்வது: “என்ன, படமே மஞ்சளா இருக்கு?” அங்கேதான் பலரும் பயந்து பழைய மோடுக்கு ஓடிவிடுகிறார்கள். காரணம் கலர் டெம்பரேச்சர். விவிட் மோடில் பல டிவிகளின் வெள்ளை 10,000 கெல்வினைத் தாண்டும். அதில் நீலம் தூக்கலாக இருக்கும். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டால் அது மேலும் வெளுத்துத் தெரிவதைப் போன்ற உத்தி இது. அந்த நீலத்துக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது. இரண்டு மூன்று நாள் பொறுத்தால் கண் பழகிவிடும். அதன்பின் பழைய மோடுக்குப் போனால் படம் நீலம் பூத்துக் கிடப்பது தெரியும்.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தமிழ்நாட்டு வீடுகளில் எரியும் எல்இடி ட்யூப்லைட்டுகள் பலவற்றின் பெட்டியில் ‘கூல் டேலைட் 6500 கெல்வின்’ என்று அச்சிட்டிருக்கும். சினிமாவின் வெள்ளைக்கும் அதே எண்தான். ட்யூப்லைட்டைப் போட்டுவிட்டு, திரையில் வெள்ளைப் பகுதி வரும் நேரத்தில் அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், எந்த மோடு தாளோடு ஒத்துப்போகிறது, எது நீலமடிக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். கறுப்பு வெள்ளைப் படம் இன்னொரு நல்ல சாட்சி. 1961இல் வந்த ‘பாசமலர்’ போன்ற படத்தில் நிறமே கிடையாது. திரையில் அது நீலச் சாயலோடு தெரிந்தால் குற்றம் டிவியுடையது. கலர் டெம்பரேச்சரில் ‘வார்ம்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாம்சங்கில் ‘வார்ம் 2’, சோனியில் ‘எக்ஸ்பர்ட் 1’ என்பவை சரியான அளவுக்கு அருகில் இருப்பவை.

பெயர் ஒன்று, வேலை வேறு

பிரைட்னஸ் என்றால் வெளிச்சம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பழைய டிவியிலிருந்து தொடரும் மரபுப்படி, பிரைட்னஸ் என்ற அமைப்பு மாற்றுவது கறுப்பை. திரையின் மொத்த ஒளியைக் கூட்டிக் குறைப்பது பேக்லைட். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி டிவிகளில் அது பிக்சல் பிரைட்னஸ் என்றோ ஓஎல்இடி லைட் என்றோ இருக்கும். குழப்பத்தைக் கூட்டும்படி, சோனியின் புதிய டிவிகளில் மொத்த ஒளிக்கு ‘பிரைட்னஸ்’ என்றும் கறுப்புக்கு ‘பிளாக் லெவல்’ என்றும் பெயர். சாம்சங்கும் புதியவற்றில் ஒளியை ‘பிரைட்னஸ்’ என்றும் கறுப்பை ‘ஷேடோ டீடெய்ல்’ என்றும் அழைக்கிறது. பெயரை நம்பாமல், ஒரு தடவை கூட்டிக் குறைத்து, திரையில் எது மாறுகிறது என்று பார்ப்பதே வழி. முழுத் திரையும் மாறினால் அது ஒளி. இருட்டுப் பகுதி மட்டும் சாம்பலாவதும் கறுப்பாவதுமாக இருந்தால் அது கறுப்பின் அளவு.

பேக்லைட்டை அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும். பகலில் ஜன்னல் திறந்திருந்தால் கூடுதலாக, இரவில் கணிசமாகக் குறைவாக. எல்சிடி டிவியில் மின்சாரம் பெரும்பாலும் செலவாவது இந்த விளக்குக்குத்தான் என்பதால், குறைத்தால் கண்ணுக்கும் நல்லது, கரண்ட் பில்லுக்கும் நல்லது. ஓஎல்இடி திரையில் இன்னொரு பயனும் உண்டு: நாள் முழுக்க ஒரே மூலையில் நிற்கும் சேனல் லோகோ திரையில் தழும்பாகப் படியும் ஆபத்து, ஒளி குறையக் குறையக் குறையும்.

கறுப்பைச் சரிசெய்யக் கறுத்த கூந்தல் போதும். பின்னலும் அதில் மல்லிகையுமாக ஓர் அண்மைக் காட்சியை நிறுத்திவைத்துப் பார்க்கலாம். கூந்தலின் இழைகள் தெரியாமல் ஒரே கறுப்புப் பட்டையாக இருந்தால் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். கறுப்பு சாம்பல் பூத்தது போலிருந்தால் குறைக்க வேண்டும். கான்ட்ராஸ்ட் இதற்கு எதிர்முனை. அது வெள்ளையின் எல்லை. அதற்கு வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் வெயிலில் நிற்கும் காட்சி வேண்டும். வேட்டியின் மடிப்புகள் தெளிவாகத் தெரிய வேண்டும். வெறும் வெள்ளைப் பரப்பாகத் தெரிந்தால் கான்ட்ராஸ்ட் அதிகம். பல டிவிகளில் சினிமா மோடின் எண்ணே இவற்றுக்குச் சரியாக இருக்கும், ஓரிரு புள்ளிகளுக்கு மேல் நகர்த்த வேண்டியிராது.

கலர் என்ற அளவுக்கு முகம்தான் உரைகல். மாநிறமும் கறுப்புமாகப் பலவிதத் தோல் நிறங்கள் ஒன்றாக வரும் ஒரு கூட்டக் காட்சியைப் பார்த்தால் போதும். எல்லா முகமும் ஒரே செம்பு நிறமாகத் தெரிந்தால் நிறம் மிஞ்சியிருக்கிறது.

ஷார்ப்னஸ் பற்றி அநேகருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. அதைக் கூட்டினால் படத்தில் புதிய விவரம் எதுவும் வராது. பொருள்களின் விளிம்பில் டிவி ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டைச் செயற்கையாக வரைகிறது, அவ்வளவுதான். செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்துகளை அருகில் போய்ப் பார்த்தால் எழுத்தைச் சுற்றி அந்த ஒளிக்கோடு தெரியும். அது மறையும்வரை ஷார்ப்னஸைக் குறைக்கலாம். சாம்சங்கில் அது பூஜ்யத்துக்கு அருகில் வரும். சோனியில் 50தான் நடுநிலை என்பதால் அங்கே பூஜ்யம் வைத்தால் படம் மங்கிவிடும். டைனமிக் கான்ட்ராஸ்ட், பிளாக் என்ஹான்சர், விவிட் கலர் என்ற பெயர்களில் வருபவற்றையும் நிறுத்திவைக்கலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன் மட்டும் விதிவிலக்கு: புள்ளி புள்ளியாகத் தெரியும் பழைய கேபிள் சேனல்களுக்கு அது ஓரளவு உதவும், நல்ல தரத்தில் வரும் படத்துக்குத் தேவையில்லை.

சினிமா சீரியலாகும் மர்மம்

2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸ் ஒரு காணொளி வெளியிட்டார். ‘டாப் கன்: மேவரிக்’ படப்பிடிப்புத் தளத்தில் நின்றபடி, இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியுடன் சேர்ந்து அவர் பேசியது புதுப்படத்தைப் பற்றி அல்ல, வீட்டு டிவியின் ஓர் அமைப்பைப் பற்றி. மோஷன் ஸ்மூதிங் என்ற அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள் என்று இருவரும் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். உலகின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் இதற்காக நேரம் ஒதுக்கிப் பேசும் அளவுக்குத் திரைப்படக்காரர்களுக்கு இது நெஞ்சை அரிக்கும் விஷயம்.

சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. ஊமைப்படக் காலத்தில் வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. 1920களின் கடைசியில் ஒலி வந்ததும் ஃபிலிம் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டியதாயிற்று. 24 என்ற எண் அப்போது நிலைபெற்றது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வருவதற்கு முன்பே உறுதியாகிவிட்ட அளவு இது. சீரியலும் செய்தியும் கிரிக்கெட்டும் வேறு விதம். நம் நாட்டு ஒளிபரப்பில் அவை நொடிக்கு 50 அசைவுத் துண்டுகளாக வருகின்றன, அதனால் வழுக்கிக்கொண்டு போகும். இந்த வித்தியாசத்தைப் பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் நம் கண் அறிந்து வைத்திருக்கிறது. அந்த லேசான அசைவுத் தடுமாற்றம் இருந்தால் ‘சினிமா’ என்றும், இல்லாவிட்டால் ‘டிவி’ என்றும் மனம் பிரித்துக்கொள்கிறது.

மோஷன் ஸ்மூதிங் என்ன செய்கிறதென்றால், இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படங்களை டிவியே கற்பனை செய்து சொருகுகிறது. 24 படங்கள் 50, 60, 120 ஆகின்றன. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் பக்கத்து வீட்டில் கேமரா வைத்து எடுத்தது போலத் தெரிவது இதனால்தான். வேகமாக வீசும் கையைச் சுற்றி நீர் அலைபோல ஒரு கலங்கலும் சில நேரம் தெரியும். டிவியின் கற்பனை இல்லாமல் நிஜமாகவே அதிகப் படங்களை எடுத்துப் பார்த்தாலும் இதே உணர்வுதான் வருகிறது. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2012இல் ‘தி ஹாபிட்’ படத்தை நொடிக்கு 48 படங்களாக எடுத்துச் சில அரங்குகளில் திரையிட்டபோது, வீடியோ பார்ப்பது போலிருக்கிறது என்று பலர் குறைப்பட்டார்கள்.

இந்த அமைப்புக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, பானசோனிக்கில் ‘இன்டெலிஜென்ட் ஃபிரேம் கிரியேஷன்’. படங்களுக்கு இதை நிறுத்திவிட வேண்டும். சிலருக்கு, கேமரா பக்கவாட்டில் மெல்ல நகரும்போது காட்சி திக்கித் திக்கிப் போவதாகத் தோன்றும். பல திரைகள் நொடிக்கு 60 தடவை படத்தை மாற்றுவதும், 60 என்பது 24ஆல் மீதியின்றி வகுபடாததும் அதற்கு ஒரு காரணம். ஸ்ட்ரீமிங் கருவியில் ‘மேட்ச் ஃபிரேம் ரேட்’ என்று இருந்தால் அதை இயக்கினால் திக்கல் குறையும். இல்லாவிட்டால் ஸ்மூதிங்கை மிகக் குறைந்த அளவில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிரிக்கெட்டுக்கு இது வேண்டும் என்று விரும்புபவர்கள் ஸ்போர்ட்ஸ் மோடில் மட்டும் விட்டுவைக்கலாம். பந்து ஓர் இமைப்பொழுது காணாமல் போய்த் திரும்ப வந்தால், டிவியின் கற்பனை பிசகியிருக்கிறது என்று பொருள்.

ஓரத்தில் நிற்பவர் எங்கே?

இன்றைய டிவி திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 16:9. பழைய தமிழ்ப் படங்கள் கிட்டத்தட்ட 4:3. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்கள் திரையில் வரும்போது இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதே சரி. காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே என்று ‘ஃபுல்’, ‘ஸ்ட்ரெட்ச்’ என்று இழுத்துவிட்டால், சாவித்திரியும் பத்மினியும் இல்லாத பருமனோடு வலம்வருவார்கள்; நிலா முட்டை வடிவில் உதிக்கும். சினிமாஸ்கோப் படத்தில் மேலும் கீழும் பட்டை வரும். அதை மறைக்க ‘ஜூம்’ செய்தால் ஓரத்தில் நின்று வசனம் பேசுபவர் காணாமல் போவார். இயக்குநர் வைத்த எல்லை அந்தப் பட்டைவரை என்று ஏற்றுக்கொள்வதுதான் படத்துக்குச் செய்யும் மரியாதை. டிவியில் சரியாக வைத்தும் முகம் அகலமாகத் தெரிந்தால், செட்டாப் பாக்ஸின் உள்ளே இருக்கும் ஸ்கிரீன் ரேஷியோவையும் பார்க்க வேண்டும்.

செய்திச் சேனலின் அடியில் ஓடும் வரி பாதி வெட்டுப்படுகிறதா? அது ஓவர்ஸ்கேன். பழைய பிக்சர் ட்யூப் டிவியில் ஓரங்கள் சட்டத்துக்குள் மறைவதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அந்த வழக்கம் தட்டைத் திரையிலும் தொடர்கிறது. 1920க்கு 1080 என்ற கணக்கில் வரும் படத்தை இப்படி இழுத்தால், ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலிருந்து நகர்ந்து தெளிவு குறையும். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வரியும் முழுசாகும், படமும் தெளியும்.

மஞ்சள் வயரை மாற்றுங்கள்

எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு: உள்ளே வரும் படமே மோசமாக இருப்பது. 4கே டிவி வாங்கிய பின்னும் செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி வயரிலேயே விட்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த மஞ்சள் வயர் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே கம்பியில் அனுப்புவது. எச்டி படத்தைத் தாங்கும் சக்தி அதற்கு இல்லை. பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அந்த வயருக்கு மாறிவிட வேண்டும். பிறகு பாக்ஸின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 1080 என்று மாற்ற வேண்டும்.

சாதாரண எஸ்டி சேனல் 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. 4கே திரையில் 3840க்கு 2160 புள்ளிகள். ஏறக்குறைய ஒவ்வொரு புள்ளியையும் இருபதாகப் பெருக்கித்தான் டிவி அந்தப் படத்தைக் காட்டுகிறது. பெரிய திரையில் எஸ்டி சேனல் கலங்கித் தெரிவதற்கு டிவி காரணமில்லை. அதிகம் பார்க்கும் ஒன்றிரண்டு சேனல்களையாவது எச்டியில் எடுத்துக்கொள்வது, எந்த அமைப்பை மாற்றுவதையும்விடப் பெரிய பலன் தரும்.

கேம் விளையாடும் பிள்ளைகள் இருந்தால், கன்சோல் மாட்டிய எச்டிஎம்ஐ துளைக்கு மட்டும் கேம் மோடு வைக்க வேண்டும். அது படத்தின் மெருகு வேலைகளைக் குறைத்து, பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்கும்.

எச்டிஆர் என்றால் ஏன் இருட்டு?

2019 ஏப்ரல் 28 அன்று ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ‘தி லாங் நைட்’ பகுதி ஒளிபரப்பானது. 55 இரவுகள் படமாக்கிய, 82 நிமிடம் ஓடும் போர். மறுநாள் உலகமெங்கும் ஒரே புகார்: இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை. இருட்டு வேண்டுமென்றே வைத்தது என்றும், வெளிச்சமான அறையும் சரியாக அமைக்காத டிவிகளும் சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டன என்றும் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் விளக்கினார். அனுப்பும் வழியில் படத்தைச் சுருக்கியதால் இருட்டுப் பகுதிகள் கட்டம் கட்டமாக உடைந்ததும் உண்மை. பழி ஒருவர்மேல் மட்டும் இல்லை. ஆனால் அந்த ஒரே இரவில், டிவி அமைப்பு என்பது லட்சக்கணக்கானோரின் பேச்சாகிவிட்டது.

இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சைப் பெரிதாக்கிய எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்) வடிவில் வரும் படங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. சாதாரணப் படத்தில் வெள்ளை என்றால் அந்த டிவியின் உச்ச ஒளி, அவ்வளவுதான். எச்டிஆரில் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை நிட் ஒளி என்று திட்டமான கணக்கு படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் 1000 நிட்டோ அதற்கு மேலோ உச்ச ஒளி கொண்ட மானிட்டரில் அமைத்த படத்தை, 300 நிட் அளவே தரக்கூடிய விலை குறைந்த டிவி தன் சக்திக்குள் சுருக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சுருக்கலில் மொத்தப் படமும் மங்கிவிடுவதுண்டு.

இதற்குச் சில வழிகள் இருக்கின்றன. எச்டிஆர் படம் ஓடும்போது பேக்லைட் உச்சத்தில் இருக்க வேண்டும். மின்சேமிப்பு அமைப்பு அதை இழுத்துப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்சிக்கு ஏற்ப இந்தச் சுருக்கலைச் சரிசெய்யும் ‘டைனமிக் டோன் மேப்பிங்’ இருந்தால் இயக்கலாம். எச்டிஆரின் ஒரு வகையான டால்பி விஷனில் ‘டார்க்’, ‘பிரைட்’ என்று இரண்டு இருந்தால் வெளிச்சமான அறைக்கு ‘பிரைட்’டைத் தேர்ந்தெடுக்கலாம். அறை வெளிச்சத்தை உணர்ந்து படத்தை மாற்றும் ‘டால்பி விஷன் ஐக்யூ’ 2020 முதல் சில டிவிகளில் வருகிறது. ஒன்றை மறக்கக்கூடாது: சாதாரணப் படம், எச்டிஆர், டால்பி விஷன் மூன்றுக்கும் அமைப்புகள் தனித்தனி. கேபிள் பார்க்கும்போது செய்த மாற்றம் எச்டிஆர் படத்துக்குப் போய்ச் சேராது. அந்த வகைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து மாற்ற வேண்டும்.

அறையும் கண்ணும்

ஜன்னலுக்கு எதிரே மாட்டிய டிவியில் பகலில் தெரிவது படத்தைவிட ஜன்னல்தான். இடம் மாற்ற முடியாவிட்டால் கனமான திரைச்சீலை போடலாம். பூஜை அலமாரியின் உயரத்துக்கு டிவியை ஏற்றி மாட்டுவதும் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. கழுத்து வலிப்பது ஒருபுறம். பல எல்சிடி திரைகளில் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்த்தால் நிறமே வெளிறிவிடும். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வந்தால் நல்லது. இரவில் முழு இருட்டில் பார்ப்பதைவிட, டிவியின் பின்னால் சுவரில் படும்படி மெல்லிய வெள்ளை விளக்கு ஒன்று எரிந்தால் கண் களைப்பு குறையும், கறுப்பும் ஆழமாகத் தெரியும்.

வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, உள்ளே நுழையும் ஒளி குறைகிறது. பேரனுக்குக் கூசும் ஒளி பாட்டிக்குப் போதாமல் இருக்கலாம். புரை அறுவை செய்து புது லென்ஸ் வைத்தவர்களுக்கு நீலம் திடீரென்று தூக்கலாகத் தெரியும். பாட்டி பகலில் சீரியல் பார்க்கும் நேரத்துக்குப் பேக்லைட் கூட்டிய ஒரு மோடும், இரவுப் படங்களுக்குச் சினிமா மோடும் என இரண்டைத் தயாராக வைத்துவிட்டால் சண்டை வராது. எல்ஜி டிவிகளில் ‘எக்ஸ்பர்ட்’ மோடு பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டாக இருப்பதன் நோக்கமும் இதுவே.

இணையத்தில் கிடைக்கும் எண்களை அப்படியே எடுத்துப் போடுவதில் ஒரு கவனம் தேவை. ஒரே மாடலில் அடுத்தடுத்து வரும் இரண்டு டிவிகளுக்குள்கூடத் திரையின் நிறம் லேசாக மாறும். பிக்சர் மோடு, ஷார்ப்னஸ், மோஷன் போன்றவற்றை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். வெள்ளையின் சிவப்பு பச்சை நீலக் கூறுகளைக் கூட்டிக் குறைக்கும் ‘வைட் பேலன்ஸ்’ எண்களைத் தொடாமல் விடுவது நல்லது. அதைக் கருவி வைத்து அளந்துதான் செய்ய வேண்டும். ஜோயல் சில்வர் நிறுவிய ‘இமேஜிங் சயன்ஸ் ஃபவுண்டேஷன்’ அப்படிப்பட்ட தொழில்முறை அளவீட்டாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. ஹோம் தியேட்டர் அமைப்பவர்களுக்கு அது பயன்படும். சாதாரணக் கூடத்துக்கு மேலே சொன்ன மாற்றங்களே போதும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். மென்பொருள் அப்டேட் சில நேரம் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விடும். ‘அப்ளை டு ஆல் இன்புட்ஸ்’ என்று இருந்தால் அதையும் அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் செட்டாப் பாக்ஸுக்குச் செய்தது யூடியூபுக்குச் செல்லாது. குழம்பிப்போனால் ‘பிக்சர் ரீசெட்’ இருக்கிறது. அது படத்தின் அமைப்பை மட்டும் பழையபடி ஆக்கும். சேனல் வரிசையும் வைஃபையும் அப்படியே இருக்கும்.

பிறகு, ஏற்கெனவே பார்த்த படங்களையே மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த ‘நாயகன்’ (1987) படத்தில் பாதி இருளில் நிற்கும் வேலு நாயக்கரின் முகத்தில், விவிட் மோடு சாம்பலாக்கி வைத்திருந்த நிழல் எங்கே முடிகிறது என்று பார்க்கலாம். பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யில் (1982) ஊட்டி வெளிச்சத்தின் மென்மையையும், ரவிவர்மன் ஒளிப்பதிவு செய்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தில் (2022) தீபங்களின் மஞ்சள் முகங்களில் படிவதையும் கவனிக்கலாம். பழைய படங்களை யூடியூபில் தேடும்போது யாரோ கேசட்டிலிருந்து ஏற்றியதை விட்டுவிட்டு, உரிமை பெற்ற நிறுவனம் எச்டியில் வெளியிட்டது இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.